ஊருக்கு ஒரே கரண்ட்டுக்காரர்

அவன் படித்த முதுகலைப் படிப்பின் பெயரை முழுதாகச் சொல்லக்கூடிய ஆள் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான். ஆயுத மோதல்களும் மனித உரிமைகளும் என்பது அதன் பெயர். அம்மா அதைச் சுருக்கி, கேட்டவர்களிடமெல்லாம் சண்டைப் படிப்பு என்றாள். அதைக் கேட்ட பக்கத்து வீட்டுத் தையல்காரி, "சண்டை போடறதுக்குப் போய் எதுக்கு மெனக்கெட்டுப் படிக்கணும்? உங்க பெரியம்மா படிக்காமலேயே வெளுத்து வாங்குவாங்களே" என்றாள். தெரு சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் ஐ.நா. ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயருகே இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், "ஐ.நா.வைக் கூப்பிடுங்கப்பா, வந்து கவலை தெரிவிச்சுட்டுப் போகட்டும்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

அவனுக்கு அதில் கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவன் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவன். மருந்துச் சீட்டிலிருந்து மின்கட்டண ரசீது வரை அம்மா அவனிடம்தான் நீட்டுவாள். அவன் வாசித்துச் சொன்னால் அது தீர்ப்பு.

அந்தப் படிப்புக்கு அவன் போனதற்குக் காரணம் ஊருக்கு வெளியே இருந்த மர அறுவை ஆலை. அவன் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில் நடந்த சண்டையின்போது ஆயுதக்காரர்கள் அந்த ஆலையைப் பிடித்துக்கொண்டார்கள். வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. வந்தவர்கள் வாயே திறக்கவில்லை. அன்று அங்கே தலைமை தாங்கி நின்றவர் சண்டை ஓய்ந்ததும் கான்ட்ராக்டர் ஆனார். அன்று கையில் துப்பாக்கி, இன்று கையில் கட்டட வரைபடம். ஊரில் எந்தச் சுவர் எழுந்தாலும் அவர் அனுமதியில்லாமல் எழாது. ஆள் மாறவில்லை, அவர் வைத்திருந்த சாமான்தான் மாறியது.

பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்திலேயே ஐ.நா.வுக்கு உடம்பு சிலிர்த்தது. சிறுவயதில் ஜன்னல் இடுக்கு வழியே தான் பார்த்ததற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தில் உலகமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. தன்னிச்சையாகத் தடுத்து வைத்தல். வலிந்து காணாமல் ஆக்குதல். ஊரில் "அந்த விஷயம்" என்று கண்ணால் மட்டும் பேசிக்கொண்டதை இங்கே கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தினார்கள். ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. ஆலை என்றான்.

தலைப்பு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. போன வீடுகளில் எல்லாம் உட்காரச் சொன்னார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், ஆலை என்ற சொல் வந்ததும் அடுப்பில் ஏதோ இருப்பதாக எழுந்து போனார்கள். கடைசியில் பேசியது அவனுடைய மாமா. அம்மாவின் தம்பி. அன்றும் இன்றும் அவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். அவனைப் படிக்க வைத்ததும் அவர்தான்.

மாமா வீட்டில் பேசவில்லை. லாரியில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, சாலையைப் பார்த்தபடியே பேசினார். ஆலைக்குத் தண்ணீர் கொண்டு போகச் சொல்லித் துப்பாக்கியோடு ஒருவன் ஏறிக்கொண்டான். உள்ளே மரத்தூள் குவியலில் கைகட்டப்பட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய கான்ட்ராக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவோரம் இருந்த ஓர் இளம்பெண் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றார்கள். மாமா தொட்டியை நிரப்பிவிட்டு, கிளம்பும்போது குழாயை முழுதாக மூடவில்லை. தண்ணீர் கசிந்து அந்தப் பெண் இருந்த பக்கமாக ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தார். ஓடியதா, அவள் குடித்தாளா, தெரியாது. அவள் திரும்பி வரவில்லை. சொல்லி முடித்துவிட்டு மாமா, "இதுல என் பேரு எங்கயும் வரக்கூடாது மாப்ள" என்றார். கான்ட்ராக்டரின் கட்டட வேலைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் இப்போது அவர் லாரியின் முழுப் பிழைப்பு. ஈ காக்கைக்குத் தெரியாது என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

வாக்கைக் காப்பாற்ற அவனுக்கு முறையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியை கண்டிப்பானவர், நல்லவர், நகரத்தில் பிறந்து நகரத்திலேயே வளர்ந்தவர். பெயரை எடுத்தால் மட்டும் போதாது, சாட்சியின் வயதையும் தொழிலையும் மாற்றிவிட வேண்டும் என்பது அவர் பாடம். படிப்பவருக்கு ஆள் பிடிபடக் கூடாது. விடுதி அறையில் உட்கார்ந்து மாமாவுக்கு என்ன தொழில் கொடுக்கலாம் என்று ஐ.நா. யோசித்தான். வெளியாள் ஒருவர் ஆலைக்குள் போய்வரப் பொருத்தமான காரணம் வேண்டும். சமையல்காரர் என்றால் அவர்களுடைய ஆள் ஆகிவிடுவார். மருத்துவர் என்றால் வேறு வம்பு. எலெக்ட்ரீஷியன் என்று போட்டான். இயல்பாகப் பொருந்தியது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்கு ஒரு தேநீர் அதிகமாகவே குடித்தான்.

அந்த விடுதிக்கு வெளியே தெருமுனையிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் எலெக்ட்ரிக் கடைகள்தான். நகரத்தில் எலெக்ட்ரீஷியன் என்றால் யாரோ ஒருவர். அவன் ஊரில் அப்படியில்லை. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. சோடா என்றால் ஒரு வீடு, மருந்துக்கடை என்றால் ஒரு வீடு, தண்ணி லாரி என்றால் மாமா. தொழில்தான் பெயர், பெயர்தான் முகவரி. ஊருக்கு ஒரே கரண்ட்டுக்காரர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஆய்வு எழுத உட்கார்ந்த ஐ.நா. நகரத்து ஆளாக உட்கார்ந்திருந்தான். பாடம் சொன்ன கண்ணாலேயே ஊரைப் பார்த்தான். பெயரை அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வேறொருவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான்.

துறையில் நடந்த கருத்தரங்கில் அவன் தன் ஆய்வைப் பற்றிப் பேசினான். நல்ல கைதட்டல். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய்ப் பேப்பரில் போட்டார். சில நாளில் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"ஏன்டா, கரண்ட்டுக்காரர் ஆலை விஷயத்தையெல்லாம் உன்கிட்ட சொல்லிட்டாராமே? ஊரெல்லாம் அதே பேச்சா இருக்கு."

அவன் அடுத்த பேருந்தைப் பிடித்தான்.

ஊருக்கு வந்து இறங்கியபோது காரியம் கை மீறியிருந்தது. கான்ட்ராக்டர் கூச்சல் போடவில்லை, ஆள் அனுப்பி அடிக்கவுமில்லை. அதெல்லாம் தேவைப்படாத உயரத்தில் அவர் இருந்தார். கரண்ட்டுக்காரருக்குக் கொடுத்திருந்த வயரிங் வேலைகள் எல்லாம் நின்றன. கடையின் சொந்தக்காரர் கான்ட்ராக்டரின் மைத்துனர். இடம் வேறு காரியத்துக்குத் தேவைப்படுகிறது, சீக்கிரம் காலி செய்யணும் என்று சொல்லிவிட்டார். ஜனங்களும் புரிந்துகொண்டார்கள். பழுதுபார்க்கக் கொடுத்த மின்விசிறிகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் பழுது நீங்காமலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்கு எதிரே ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்தபடி, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐ.நா. நேரே கடைக்குப் போனான். மனசாட்சி உந்தியது, கால் நடந்தது, புத்தி வீட்டிலேயே தங்கிவிட்டது. அவன் கடைப்படி ஏறியதுமே எதிரே காய்கறி விற்றவள் பக்கத்தில் நின்றவளின் விலாவில் இடித்தாள். பாருடி, சாட்சியைப் பார்க்க ஐ.நா.வே வந்துவிட்டது. அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கும் அன்றோடு தீர்ந்தது.

கரண்ட்டுக்காரர் காலைச் சற்றுச் சாய்த்து நடக்கும் மெலிந்த மனிதர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான், படவில்லை. அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, யார் பெயரிலோ தவறாக வந்த ரசீதைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்.

"தம்பி, நான் உன்கிட்ட எதுவும் சொல்லலை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொன்னது நான் இல்லைன்னு அந்தப் பேப்பர்காரங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

சொல்லிவிடுகிறேன் என்றான். எவ்வளவு எளிய காரியம் என்று தோன்றியது. எழுந்திருக்கும்போது, ஒரு வழக்கத்துக்காகத்தான், "நீங்க அந்த ஆலைப் பக்கமே போனதில்லைதானே அண்ணே?" என்று கேட்டான்.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"போயிருக்கேன். ஜெனரேட்டர் நின்னுபோச்சுன்னு கூட்டிட்டுப் போனாங்க. வெளியில இருந்து உள்ள போயிட்டு வந்த ஆளுங்க ரெண்டே பேருதான் தம்பி. ஊருக்கே தெரியும்."

இன்னொருவர் யார் என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளே போனவர்கள் கரண்ட்டுக்காரரும் தண்ணீர் லாரியும். சாட்சி கரண்ட்டுக்காரர் இல்லை என்று அவன் வாய் திறந்தால், அடுத்த மூச்சில் ஊர் மாமாவின் பெயரைச் சொல்லும். திறக்காவிட்டால் இந்த மனிதரின் கடை போகும். கற்பனை செய்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்தது, உலகத்தில் எத்தனையோ தொழில்கள் இருக்க, இந்த ஒன்றின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. படியிறங்கும்போது மோட்டார் சைக்கிள்காரன் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

பேராசிரியையிடம் ஓடினான். அவர் கேட்டுக்கொண்டே வந்து, இடையில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உங்க ஊர் எப்படிப்பட்டதுன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும் என்றார். அதை அவர் ஒப்புக்கொண்டது அவனுக்கு ஆறுதலாக இல்லை. அவரிடம் பதில் இருக்கும் என்று நம்பி வந்திருந்தான். யார் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால், கடைசியில் மிச்சம் நிற்பவரைச் சுட்டிக்காட்டியது போலத்தான் ஆகும். அந்த வழி கிடையாது என்றார். அந்த அத்தியாயத்தை யாரும் பார்க்காதபடி நூலகத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்கிறேன் என்றார். செய்தும் விட்டார். ஊர் வாய்க்குப் போட அவரிடம் பூட்டு இல்லை.

பிறகு மாமாவிடம் போனான். அவர் ஊற்றுக் கிணற்றடியில் லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பம்பு இரைச்சலில் இருவரும் சற்றுக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்திப் பேசக்கூடிய விஷயமாகவும் அது இல்லை. கரண்ட்டுக்காரர் கடைவழியாகப் போகாமல் இப்போதெல்லாம் மாமா லாரியை ஊரைச் சுற்றி ஓட்டுகிறார் என்று அத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"ஈ காக்காக்குத் தெரியாதுன்னு நீதானே மாப்ள சொன்ன?"

"உங்க பேரு வரலையே மாமா."

"வரலை. நல்லாத்தான் படிச்சிருக்க. என் பேருக்குப் பதிலா அந்த மனுசன் தலையைக் கொண்டு போய் வச்சிருக்க." கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "சரி, நான் என்ன பண்ணணும்னு நினைக்கிற? நான்தான்னு போய் நிக்கவா? நீ சொல்லு, நிக்கிறேன். அப்புறம் உங்க அத்தை எங்க போய் நிப்பான்னும் சேர்த்துச் சொல்லிடு."

நில்லுங்கள் என்று சொல்ல அவனுக்கு உரிமையில்லை. நிற்காதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மற்றவர்களின் உரிமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவன், தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து செருப்பை நனைக்கும்வரை அங்கேயே நின்றான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஊரும் சரியில்லை, விடுதியும் சரியில்லை. ஊரில் இருந்தால், கடைப்பக்கம் போனால் குற்றம், போகாவிட்டால் அதைவிடக் குற்றம். விடுதியில் இருந்தால், வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் சாட்சிகளின் பாதுகாப்பு என்ற தலைப்பே எந்தப் பக்கத்திலும் வந்து நின்றது. சக மாணவர்கள் அவனுடைய ஆய்வைப் பொறாமையோடு பாராட்டினார்கள். பாராட்டு ஒவ்வொன்றும் சட்டைக்குள் விழுந்த எறும்புபோல ஊர்ந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

ஒரு பிற்பகல் கரண்ட்டுக்காரரே வீட்டுக்கு வந்தார். கையில் டெஸ்டர். மீட்டர் பார்க்க வந்ததாகத் தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். அப்புறம் தனக்கே வெட்கமாகி உள்ளே போய்விட்டாள்.

ஐ.நா. அவர் பேசக் காத்திருக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், என்ன ஆனாலும் சரி, இனிமேல் என்னால் முடியாது என்றான்.

"யாரு பேரைச் சொல்லுவ?"

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான், அம்மா காதில் விழுமோ என்று.

"நான் பேசலை. அப்ப பேசினது யாரு? இதுக்குச் சண்டைப் படிப்பா படிக்கணும்? பேப்பர் வந்த அன்னைக்குக் காலையிலேயே எனக்குத் தெரியும் தம்பி. குழாயை மூடாம வந்தார்னு போட்டிருந்துச்சு. கரண்ட்டுக்காரன் எதுக்குப்பா குழாயைத் தொடப்போறான்?"

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தையில் உங்கள் கடை தப்பியிருக்குமே என்று அவன் கேட்டபோது, அவர் டெஸ்டரின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். உங்க மாமாவாவது தண்ணியைத் திறந்து வச்சுட்டு வந்தார், நான் ஜெனரேட்டரை ஓட விட்டுட்டு வந்தேன் என்றார். விளக்கெல்லாம் எரிந்தது, வேலை சுத்தமென்று நாற்காலியில் இருந்த அந்த ஆள் முதுகில் தட்டிக்கொடுத்தான், அந்த வெளிச்சத்தில் அன்றைக்கு என்னென்ன செய்தார்களோ. அதை நினைக்காத நாளில்லை என்றார். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாரா என்றால், அதுவும் அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

"நீ சொல்ல வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். போன வாரம் கடைக்கு ஒரு அம்மா வந்துச்சு. கதவோரம் தண்ணி கேட்டதே ஒரு பொண்ணு, அதோட அம்மா. என் ரெண்டு கையையும் பிடிச்சு முகத்துல வச்சுக்கிட்டு அழுதுச்சு. கடைசியா எம்பொண்ணுக்குத் தண்ணி கொடுத்த கைன்னு சொல்லுச்சு. நான் இல்லம்மான்னு எப்படிச் சொல்லுவேன், சொல்லு."

வந்த வழியே போனார். வாசலில் நின்று மீட்டர் நன்றாக ஓடுகிறது என்று தெருவுக்குச் சொன்னார். இருந்த ஒரு கதவையும் அவர் சாத்திவிட்டுப் போனதாக ஐ.நா.வுக்குத் தோன்றியது. இதுவரை மாமாவுக்காக வாயைக் கட்டியிருந்தான். இனி அந்த அம்மாவுக்காகவும், அந்தத் தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லாத இந்த மனிதருக்காகவும் கட்ட வேண்டும். உண்மையைச் சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் அவன் அவ்வளவு தூரம் போய்ப் படித்தான்.

மாமாவிடம் மட்டும் சொன்னான். ஜெனரேட்டரையும் சொன்னான், அந்த அம்மாவையும் சொன்னான். மாமா பம்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் மறுபடியும் பம்பைப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு நாளன்று அம்மா அவனை மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பெரிய தேர்வு, மாமா முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கணக்கு. அத்தை மிக்ஸி ஓட்டிக்கொண்டே, அந்தச் சத்தத்துக்கு மேலே, நன்றாகப் பேசு, திக்காதே என்று புத்தி சொன்னாள். மாமா தட்டில் கை வைத்தபடி மிக்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

பேருந்து நிறுத்தம் கரண்ட்டுக்காரர் கடைக்கு எதிர்ச் சாரியில் இருந்தது. ஐ.நா. நிறுத்தத்தில் நின்றான். புதிதாக வந்த தேர்வாளர் சாட்சியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார் என்று பேராசிரியை எச்சரித்திருந்தார்; சாட்சியை நம்பலாமா, அவர் சொன்னதை வேறு யாராவது உறுதி செய்கிறார்களா. என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தான். கடைக்குள் கரண்ட்டுக்காரர் வேலை எதுவும் இல்லாமல், காலியான மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள்காரன் வழக்கமான இடத்தில் இருந்தான்.

தெருமுனையில் மாமா வந்தார். லாரியில் இல்லை, நடந்து வந்தார். இடுப்பில் குழந்தையைத் தூக்கிவருவதுபோல மிக்ஸியை அணைத்துப் பிடித்திருந்தார். வயர் காலருகே ஆடியது. சற்று முன்புவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய மிக்ஸி. காய்கறிக்காரி விற்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கடைக்கு வேலை கொடுக்க யாரும் போகாமலே இருந்த அத்தனை நாளுக்குப் பிறகு ஒருவர் படியேறினார். அதுவும் ஆலைக்குள் போய்வந்த அந்த இரண்டாவது ஆள். ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவரும் நின்றார்கள்.

என்ன பேசினார்கள் என்று சாலையின் இந்தப் பக்கம் கேட்கவில்லை. பேசினார்களா என்பதே தெரியவில்லை. மாமா மிக்ஸியை மேசைமேல் வைத்தார். கரண்ட்டுக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு முறை மாமாவைப் பார்த்தார், பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடிப்பாகத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

ஐ.நா.வின் கால் தானாகச் சாலையில் இறங்கியது. உடனே இழுத்துக்கொண்டான். இப்போது அவனும் போய் அங்கே நின்றால் ஊருக்கு விடுகதையே மிச்சமிருக்காது. பேருந்து வந்து அவனுக்கும் கடைக்கும் நடுவில் நின்றது. நடத்துனர், "ஐ.நா., ஏறுறீங்களா, இல்ல இங்கயே கூட்டம் போடப்போறீங்களா?" என்றார். ஏறினான். அந்தப் பக்கத்து ஜன்னலோரம் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

மோட்டார் சைக்கிள்காரன் கைப்பேசியைக் காதில் வைத்துப் பேச ஆரம்பித்திருந்தான். கடைக்குள் மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.